ஜப்பானிய மொழியின் ‘ஒ’ உருபைக் கையாளும் முறை: தமிழ் அறிந்தோருக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானிய மொழியைக் கற்கத் தொடங்குபவர் மிக விரைவிலேயே சந்திக்கும் உருபுகளில் ‘ஒ’ ஒன்று. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நின்று, அந்தப் பெயர் வினையின் செயப்படுபொருள் என்று காட்டுவது அதன் முதன்மையான வேலை. ‘மிஸு ஒ நொமிமஸ்’ என்றால் தண்ணீரைக் குடிக்கிறேன். ‘ஹொன் ஒ யொமிமஸ்’ என்றால் புத்தகத்தைப் படிக்கிறேன். ஆங்கிலத்தில் செயப்படுபொருளைக் காட்டத் தனி உருபு இல்லை, சொல் நிற்கும் இடமே அதைக் காட்டிவிடுகிறது. ஆகவே ஆங்கில வழிப் பாடநூல்கள் இதற்கு நீண்ட விளக்கம் தருகின்றன. தமிழ் அறிந்தவருக்கு அந்த விளக்கம் தேவையில்லை. நம்மிடம் இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ இருக்கிறது. அது பெயருக்குப் பின்னால்தான் வருகிறது. வினையும் வாக்கியத்தின் இறுதியில்தான் நிற்கிறது. ‘ஐ’ வரும் இடத்தில் ‘ஒ’வைப் போட்டால் பெரும்பாலும் சரியாகவே அமையும். பிழை நேர்வது மற்ற இடங்களில்தான். எனவே இந்த வழிகாட்டி இரண்டு உருபுகளும் ஒத்துப்போகும் இடங்களை விரைவாகக் கடந்து, அவை பிரியும் இடங்களில் நின்று பேசுகிறது.

எடுத்துக்காட்டுகளை வாசிக்கும் முறை பற்றி ஒரு குறிப்பு. குறில் நெடில் வேறுபாடு ஜப்பானிய மொழியில் பொருளை மாற்றவல்லது; எகர ஒகரங்களிலும் அதைக் காட்டத் தமிழ் எழுத்து வாய்ப்பாக இருக்கிறது. ஆனால் க, த, ப ஆகியவற்றின் வல்லொலியையும் மெல்லொலியையும் பிரித்துக் காட்ட நம் எழுத்தில் வழியில்லை. ‘க’ என்று நான் எழுதும் எழுவாய் உருபைத் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம் போலவும், வாக்கியத்தின் கடைசியில் வரும் வினா உருபான ‘க’வைப் ‘பக்கம்’ என்பதில் உள்ளது போலவும் ஒலிக்க வேண்டும். சகரத்தைப் ‘பச்சை’ என்பதில் உள்ளது போலக் கொள்க. இவ்வெடுத்துக்காட்டுகளை ஜப்பானிய அசையெழுத்தான ஹிராகானாவில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

எழுத்தும் ஒலியும்

ஹிராகானாவில் ‘ஒ’ என்னும் ஒலிக்கு இரண்டு எழுத்துகள் உண்டு. ஒன்று சொற்களுக்குள் வரும் பொது எழுத்து. மற்றொன்று இந்த உருபுக்கு மட்டுமே உரியது. அதன் பழைய ஒலிப்பு ‘வொ’. 1946இல் ஜப்பானிய அரசு எழுத்துமுறையைச் சீர்திருத்தி, சொற்களை இக்கால ஒலிப்புக்கு ஏற்ப எழுதச் செய்தபோது, ‘ஒதொகொ’ (ஆண்) போன்ற சொற்களில் இருந்த பழைய எழுத்து நீங்கியது. உருபில் மட்டும் அது விட்டுவைக்கப்பட்டது. தலைப்பை, அதாவது எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் காட்டும் ‘வ’, திசையைக் காட்டும் ‘எ’ ஆகிய உருபுகளும் பழைய எழுத்தோடு தப்பியவையே. 1986இல் வந்த திருத்தப்பட்ட விதிகளும் இதை மாற்றவில்லை.

இதனால் கற்பவருக்கு ஒரு நன்மை கிடைக்கிறது. ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கு இடையே வெற்றிடம் விடும் வழக்கம் இல்லை. நீண்ட தொடரில் ஒரு சொல் எங்கே முடிகிறது என்று தெரியாமல் திகைக்கும்போது, இந்த எழுத்து ஒரு வேலிபோல உதவும்: சிற்சில ஆள்பெயர்களைத் தவிர இது வேறெங்கும் வராததால், இதற்கு இடப்பக்கம் ஒரு பெயர்த்தொடர் முடிந்துவிட்டது என்றும் வலப்பக்கம் எங்கேனும் ஒரு வினை காத்திருக்கிறது என்றும் உறுதியாகக் கொள்ளலாம். தேநீர் கேட்கும்போது சொல்லும் ‘ஒச ஒ ஒனெகை ஷிமஸ்’ என்ற தொடரில் மூன்று ஒகரங்கள் உள்ளன. நடுவில் உள்ளது மட்டுமே உருபு. முதலும் மூன்றாவதும் பொது எழுத்தால் எழுதப்படும். சொல்லக் கேட்டு எழுதும் பயிற்சிக்கு இதைவிட நல்ல தொடர் கிடையாது. கணினியிலோ கைப்பேசியிலோ ஆங்கில விசைகளால் தட்டச்சு செய்பவர், இந்த எழுத்தைப் பெற டபிள்யூ, ஓ என்ற இரண்டு விசைகளையும் அடுத்தடுத்து அழுத்த வேண்டும். ஓ மட்டும் அழுத்தினால் பொது எழுத்துதான் வரும்.

ஒலிப்பில் தமிழர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இக்காலப் பொது வழக்கில் உருபின் ஒலி வெறும் ‘ஒ’. நம் பேச்சிலோ ஒகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஒரு வகரச் சாயல் தானாக ஏறிக்கொள்கிறது. ‘ஒன்று’ என்பது ‘வொண்ணு’ என்று ஒலிப்பதை நாம் கவனிப்பதே இல்லை. அதோடு, உயிரும் உயிரும் சந்தித்தால் இடையில் உடம்படுமெய்யை நுழைக்கும் பழக்கமும் நமக்கு உண்டு. இரண்டும் சேர்ந்து ‘மிஸு ஒ’ என்பதை ‘மிஸுவொ’ ஆக்கிவிடும். பாடல்களில் சில பாடகர்கள் அப்படி ஒலிப்பதுண்டு என்றாலும், தொடக்க நிலையில் வகரம் இல்லாமல் சொல்லப் பழகுவதே சரி. இதைவிடப் பெரிய இடர் மெய்யெழுத்தில் முடியும் சொற்களில் வருகிறது. ‘ஹொன் ஒ’ என்பதை நம் புணர்ச்சி விதிப்படி சேர்த்து ‘ஹொனொ’ என்று சொல்லக் கூடாது. ஜப்பானிய மொழியில் இறுதி ‘ன்’ தனக்கென ஒரு முழு மாத்திரை அளவைப் பெறுகிறது. அதைச் சற்றே மூக்கில் நிறுத்திவிட்டு, பிறகு ‘ஒ’ என்று தொடங்க வேண்டும். மூச்சு விடுவதானால் உருபுக்குப் பின் விடலாமே தவிர, பெயருக்கும் உருபுக்கும் இடையில் விடலாகாது.

அடிப்படை அமைப்பு

பெயர், ஒ, வினை என்ற வரிசையே அடிப்படை. எழுவாயோ தலைப்போ முன்னால் வரலாம். காலமும் இடமும் இடையில் வரலாம். ‘வதஷி வ எகி தெ ஷிம்புன் ஒ கைமஷித’ என்றால், நான் ரயில் நிலையத்தில் செய்தித்தாள் வாங்கினேன். சொற்களின் வரிசை தமிழில் உள்ளபடியே இருப்பதைக் காணலாம். எதை என்று கேட்க ‘நனி ஒ’: ‘நனி ஒ தபெமஸ் க’, எதைச் சாப்பிடுகிறீர்கள்? ஒன்றைத் தரும்படி கேட்க ‘குதஸை’: ‘மிஸு ஒ குதஸை’, தண்ணீர் கொடுங்கள். வினை என்னவென்று கேட்பவருக்குத் தெரிந்த இடத்தில் உருபோடு தொடரை நிறுத்திவிடுவதும் உண்டு; பயணம் புறப்படுபவரிடம் சொல்லும் ‘யொய் தபி ஒ’ என்ற வாழ்த்து அத்தகையது. அங்கே ‘நல்ல பயணத்தை’ என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது.

செயப்படுபொருளாக இருந்த பெயரைப் பெயரெச்சத்துக்குப் பின்னால் கொண்டுபோனால் உருபு மறைந்துவிடும். ‘வதஷி க கத்த ஹொன்’ என்பது ‘நான் வாங்கிய புத்தகம்’ என்பதேதான். இங்கே தமிழ் மனம் எந்த முயற்சியும் இன்றிச் சரியாகச் செயல்படும் என்பதால் மேலே செல்கிறேன்.

தொகையும் விரியும்

தமிழரிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை, ‘ஒ’வைத் தவறான இடத்தில் போடுவது அன்று, போட வேண்டிய இடத்தில் விட்டுவிடுவது. காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘பால் குடித்தேன்’, ‘கடிதம் எழுதினாள்’, ‘படம் பார்த்தோம்’ என்றெல்லாம் சொல்லும்போது ‘ஐ’ மறைந்து நிற்கிறது. இதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். எந்தப் பால், எந்தக் கடிதம் என்று குறிப்பிட்டுச் சொல்லும்போதே ‘பாலை’, ‘கடிதத்தை’ என உருபை விரிக்கிறோம். மனிதரைக் குறிக்கும் பெயர்களில் பெரும்பாலும் எப்போதும் விரிக்கிறோம். ‘ஆசிரியர் பார்த்தேன்’ என்று எவரும் சொல்வதில்லை. அதாவது தமிழின் ‘ஐ’ செயப்படுபொருளைக் காட்டுவதோடு, அது உயர்திணையா அஃறிணையா, குறிப்பிட்டதா பொதுவானதா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

ஜப்பானிய ‘ஒ’ இந்த இரண்டாவது வேலையைச் செய்வதில்லை. ஏதோ கொஞ்சம் பால் குடித்தாலும், மேசையில் இருந்த அந்தப் பாலைக் குடித்தாலும், ‘கியூன்யூ ஒ நொமிமஷித’ என்பது ஒன்றே. உயிருள்ளது, உயிரற்றது என்ற பாகுபாடும் இல்லை. ஆகவே ‘தமிழில் இங்கே ஐ வருகிறதா’ என்று உங்களையே கேட்டுக்கொள்வது போதாது. ‘இங்கே ஐ வர முடியுமா’ என்று கேட்க வேண்டும். ‘பால் குடித்தேன்’ என்பதைப் ‘பாலைக் குடித்தேன்’ என்று விரித்தாலும் இலக்கணம் கெடவில்லை. எனவே ‘ஒ’ வேண்டும். ‘பால் சிந்தியது’ என்பதில் விரிக்க வழியில்லை, எனவே வேண்டாம்.

ஜப்பானியப் பேச்சு வழக்கிலும் தொகை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நண்பர்களுக்குள் ‘கொஹன் தபெத?’ (சாப்பிட்டாயா?) என்று உருபின்றிக் கேட்பது அன்றாட வழக்கு. ஆனால் எழுத்திலும், தேர்விலும், மரியாதையாகப் பேசும் இடங்களிலும் உருபு வெளிப்பட நிற்க வேண்டும். உருபை விடுவது எங்கே இயல்பாக ஒலிக்கும், எங்கே அரைகுறையாக ஒலிக்கும் என்பது காதால் பழகி வர வேண்டிய ஒன்று. அதுவரை எல்லா இடத்திலும் சொல்லிவிடுவதே என் பரிந்துரை.

நன்னூல் சொல்லும் ஆறு பொருள்கள்

இரண்டாம் வேற்றுமை உருபு எந்தெந்தப் பொருள்களில் வரும் என்று நன்னூல் வகுத்துத் தருகிறது: ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை. ஜப்பானிய ‘ஒ’வைப் பிழையின்றிப் பயன்படுத்த விரும்பும் தமிழருக்கு இந்த ஆறும் வியக்கத்தக்க அளவு பயன்படுகின்றன, ஏனெனில் இவற்றில் நான்கில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன, இரண்டில் பிரிந்துவிடுகின்றன.

ஆக்கலில் ஐயமில்லை. ‘குடத்தை வனைந்தான்’ என்பதற்கு ஈடாக, ‘த்ஸுபொ ஒ த்ஸுகுரிமஷித’ என்று குடத்தைச் செய்ததைச் சொல்லலாம். எழுதுதல், சமைத்தல், கட்டுதல் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கும் வினைகள் எல்லாம் ‘ஒ’ ஏற்கும். அழித்தலும் அப்படியே. ‘கோட்டையை இடித்தான்’ என்பது ‘ஷிரொ ஒ கொவஷிமஷித’. உண்ணுதல், வெட்டுதல், எரித்தல் ஆகியவற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அடைதலில் வழி பிரிகிறது. ‘ஊரை அடைந்தான்’ என்று நாம் சொல்வோம். ஜப்பானியர் ‘மசி நி த்ஸுகிமஷித’ என்பர். சேரும் இடத்துக்கு ‘நி’ என்ற உருபே உரியது. அது பல இடங்களில் நம் ‘கு’வைப் போல நடந்துகொள்ளும். ‘ஊருக்கு வந்து சேர்ந்தான்’ என்று தமிழை மாற்றிக்கொண்டால் சரியான உருபு தானே வந்துவிடும்.

நீத்தலே இந்த ஆறில் எனக்கு மிகவும் பிடித்தது. ‘நாட்டைத் துறந்தான்’ என்பதில் நாடு எந்த வகையிலும் மாற்றப்படவில்லை, செய்யப்படவில்லை. அதை விட்டு ஒருவன் நீங்குகிறான், அவ்வளவே. ஜப்பானிய மொழியும் இதே பார்வையோடு ‘குனி ஒ தெமஸ்’ (நாட்டை விட்டுச் செல்கிறேன்), ‘ஹெய ஒ தெமஸ்’ (அறையை விட்டு வெளியேறுகிறேன்), ‘தென்ஷ ஒ ஒரிமஸ்’ (ரயிலை விட்டு இறங்குகிறேன்) என்று சொல்கிறது. கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறுவதும் நீத்தலே: ‘தைககு ஒ ஸொத்ஸுகியோ ஷிமஷித’. ஆங்கிலத்தை அளவுகோலாக வைத்துக் கற்பவர் இங்கே விதிவிலக்கு என்று ஒன்றைத் தனியே மனனம் செய்ய வேண்டியிருக்கிறது. நாம் ‘ஐ விட்டு’ என்று வருகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் ஓர் எல்லை உண்டு. இந்த ‘ஒ’ பெரும்பாலும் தானே விரும்பி நீங்குவோருக்கு உரியது. புகைபோக்கியிலிருந்து புகை வெளிவருவதைச் சொல்லும்போது ‘ஒ’ பொருந்தாது. ‘கெமுரி க எந்தொத்ஸு கர தெமஸ்’ என்று, ‘இருந்து’ எனப் பொருள்படும் ‘கர’ உருபை இட வேண்டும். தமிழிலும் புகை ‘புகைபோக்கியை விட்டு’ வருவதில்லை, ‘புகைபோக்கியிலிருந்து’தான் வருகிறது.

ஒத்தலில் மீண்டும் பிரிவு. ‘புலியை ஒத்தான்’ என்பதற்கு ‘தொர நி நிதெ இமஸ்’ என்று ‘நி’ வரும். தந்தையை உரித்துவைத்தாற்போல் இருக்கிறான் என்று சொல்ல விரும்பினாலும் அதே உருபுதான்: ‘சிசி நி நிதெ இமஸ்’.

உடைமையில் பாதி ஒற்றுமை. ‘பொன்னை உடையான்’ என்பது போல ‘கின் ஒ மொத்தெ இமஸ்’ என்று சொல்லலாம். இங்கே வினை, வைத்திருத்தல். இன்றைய தமிழில் ‘என்னிடம் கார் இருக்கிறது’ என்று சொல்வது போல ‘குரும க அரிமஸ்’ என்று இருத்தல் வினையால் சொல்லும்போது ‘ஒ’ வராது. இருப்பதைச் சொல்லும் வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது என்பது இரு மொழிக்கும் பொது.

நன்னூலின் பட்டியலில் பெயர் சொல்லி அடங்காத ஒரு பொருளும் ஜப்பானிய மொழியில் உண்டு: ஓர் இடத்தின் ஊடாகச் செல்லுதல். ‘ஹஷி ஒ வதரிமஸ்’ என்பதைப் ‘பாலத்தைக் கடக்கிறேன்’ என்று எளிதில் மொழிபெயர்க்கலாம். ஆனால் ‘கோஎன் ஒ அருகிமஸ்’ என்பதற்குத் தமிழில் ‘பூங்காவை நடக்கிறேன்’ என்று சொல்ல இயலாது; ‘பூங்காவில்’ அல்லது ‘பூங்கா வழியாக’ என்போம். ‘தொரி க ஸொர ஒ தொபிமஸ்’, பறவை வானில் பறக்கிறது. நடத்தல், ஓடுதல், பறத்தல், திரும்புதல் போன்ற இயக்க வினைகளில், இயக்கம் அந்த இடத்தின் மீதே பரவிச் செல்கிறது என்றால் ‘ஒ’ வரும். ‘தெ’ என்ற இடவுருபு போட்டால், அந்த இடம் செயல் நடக்கும் களமாக மட்டும் நிற்கும். பூங்காவில் விளையாடுகிறேன் என்பதற்கு ‘கோஎன் தெ அஸொபிமஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே ‘ஒ’ பிழை.

தமிழில் ‘ஐ’, ஜப்பானியத்தில் வேறு

சில வினைகள் மேற்சொன்ன வகைகளுக்குள் அடங்காமல் தனித்து நின்று தொல்லை தருகின்றன. நண்பனைச் சந்தித்தேன் என்பது ‘தொமொதசி நி ஐமஷித’. யமதவைத் திருமணம் செய்துகொண்டார் என்பது ‘யமத ஸன் தொ கெக்கொன் ஷிமஷித’, அதாவது ‘யமதவோடு’. எதிரியை வென்றான் என்பது ‘தெகி நி கசிமஷித’. தொடுதலும் ‘நி’ கொள்ளும். ஜப்பானிய அருங்காட்சியகங்களில் காணப்படும் ‘ஸகுஹின் நி தெ ஒ ஃபுரெனைதெ குதஸை’ என்ற அறிவிப்பு, படைப்பின் மீது கை படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதில் படைப்புக்கு ‘நி’யும் கைக்கு ‘ஒ’வும் வந்திருப்பதைக் கவனித்தால், இரண்டு உருபுகளின் பங்கும் ஒரே வரியில் விளங்கிவிடும்.

‘கேள்’ என்னும் வினை சுவையானது. தமிழில் பாட்டைக் கேட்பதும் வழி கேட்பதும் ஒரே சொல். ஜப்பானிய ‘கிகு’வும் அப்படியே இரண்டு பொருளும் தருகிறது. ‘உத ஒ கிகிமஸ்’, பாட்டைக் கேட்கிறேன். ‘ஸென்ஸே நி மிசி ஒ கிகிமஸ்’, ஆசிரியரிடம் வழி கேட்கிறேன். கேட்கப்படும் செய்திக்கு ‘ஒ’, கேட்கப்படும் ஆளுக்கு ‘நி’. ‘ஆசிரியரைக் கேட்டேன்’ என்று தமிழில் சொல்லும் பழக்கமுள்ளவர், அதை ‘ஆசிரியரிடம்’ என்று மனத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையிலும் சில உண்டு. அம்மாவுக்கு உதவினேன் என்பதில் நாம் ‘கு’ போடுகிறோம். ஜப்பானியத்தில் ‘ஹஹ ஒ தெத்ஸுதைமஷித’. நண்பனுக்காகக் காத்திருக்கிறேன் என்பது ‘தொமொதசி ஒ மத்தெ இமஸ்’. பள்ளிக்குப் போகாமல் விடுப்பு எடுப்பது ‘கக்கோ ஒ யஸுமிமஸ்’. இவற்றுக்கு விதி தேடிப் பயனில்லை. புதிய வினையைக் குறிப்பேட்டில் எழுதும்போது வினையை மட்டும் எழுதாமல் ‘நி ஔ’, ‘ஒ மத்ஸு’, ‘ஒ தெத்ஸுதௌ’ என்று உருபோடு சேர்த்து எழுதுவதுதான் நிலைத்த பலன் தரும்.

தெரியும், பிடிக்கும், வேண்டும்

‘எனக்குத் தமிழ் தெரியும்’, ‘எனக்கு மீன் பிடிக்கும்’, ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ ஆகிய தொடர்களில் ‘நான்’ எழுவாயாக வருவதில்லை. மீனும் தண்ணீரும் ‘ஐ’ இல்லாமல் நிற்கின்றன. ஜப்பானிய மொழியும் இப்படிப்பட்ட இடங்களில் செயப்படுபொருளாகத் தோன்றும் பெயருக்கு ‘ஒ’ தராமல் எழுவாய் உருபான ‘க’வைத் தருகிறது. ‘நிஹொங்கொ க வகரிமஸ்’, ஜப்பானிய மொழி புரியும். ‘ஸகன க ஸுகி தெஸ்’, மீன் பிடிக்கும். ‘மிஸு க ஹொஷீ தெஸ்’, தண்ணீர் வேண்டும். ஒரு வேலையைச் செய்ய முடியும் என்று சொல்லும் ‘தெகிமஸ்’ என்ற வினையும், ஒன்றில் திறமை உண்டு, இல்லை என்று சொல்லும் சொற்களும் இவ்வகையினவே. தமிழர் இவற்றை எளிதில் பிடித்துக்கொள்வர்.

ஆனால் மனிதரைப் பற்றிப் பேசும்போது நம் ‘ஐ’ குறுக்கே வந்துவிடுகிறது. ‘எனக்கு அவரைப் பிடிக்கும்’ என்கிறோம். அதை நம்பி ‘ஒ’ போடக் கூடாது. ‘அனொ ஹிதொ க ஸுகி தெஸ்’ என்பதே சரி. ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்பதிலோ ‘அனொ ஹிதொ ஒ ஷித்தெ இமஸ்’ என்று ‘ஒ’ வருகிறது, ஏனெனில் அறிதலைச் சொல்லும் ‘ஷிரு’ ஒரு முழுமையான செயப்படுபொருள் குன்றா வினை. ‘வகரு’வுக்கு ‘க’, ‘ஷிரு’வுக்கு ‘ஒ’ என்று இரண்டையும் இணைத்து நினைவில் கொள்க. விருப்பத்தைச் சொல்லும் ‘தை’ ஈற்றில் இரண்டும் வழங்குகின்றன: ‘மிஸு க நொமிதை தெஸ்’, ‘மிஸு ஒ நொமிதை தெஸ்’, இரண்டுமே தண்ணீர் குடிக்க விரும்புவதைச் சொல்வன. தொடக்க நிலையில் இதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இணை வினைகள்

கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தேன். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவருக்கு ‘கரஸு க வரெமஷித’, ‘கரஸு ஒ வரிமஷித’ என்பவற்றின் வேறுபாட்டைத் தனியே விளக்க வேண்டாம். தானே நிகழ்வதைச் சொல்லும் வினைக்கு ‘க’, ஒருவர் செய்வதைச் சொல்லும் வினைக்கு ‘ஒ’. கடினம் எங்கே என்றால், இணையில் எது எது என்று அறிவதில். தமிழில் ‘ஓடு, ஓட்டு’, ‘திரும்பு, திருப்பு’ என்று வல்லினம் அழுத்தம் பெற்று வினையின் வகையைக் காட்டிவிடுகிறது. ஜப்பானியத்தில் அவ்வளவு சீரான அடையாளம் இல்லை. ‘ஸு’ என்று முடிவது இணையில் இருந்தால் அது செயப்படுபொருள் ஏற்கும் வினை என்று துணிந்து சொல்லலாம்: ‘தஸு’ (வெளியே எடு), ‘கெஸு’ (அணை), ‘ஒதொஸு’ (கீழே போடு). ‘அரு’, ‘எரு’ என்று முடியும் இணையில் ‘எரு’வே ‘ஒ’ ஏற்கும்: ‘ஷிமரு’ என்றால் மூடிக்கொள்ளுதல், ‘ஷிமெரு’ என்றால் ஒன்றை மூடுதல். ஆனால் ‘எரு’ என்று முடிவதெல்லாம் ‘ஒ’ ஏற்கும் என்று பொதுமைப்படுத்திவிடக் கூடாது. மேலே வந்த ‘வரெரு’ (உடைந்துபோ), ‘கிஎரு’ (அணைந்துபோ) ஆகியவை தன்னிகழ்வைக் குறிப்பவை.

ஜப்பானிய ரயில்களில் கதவு மூடும் முன் வரும் அறிவிப்பு ‘தொஅ க ஷிமரிமஸ்’ என்பது. யார் மூடுகிறார் என்பது அங்கே பேச்சில்லை. கதவு மூடிக்கொள்ளப் போகிறது என்பதே செய்தி. இதே இடத்தில் ‘தொஅ ஒ ஷிமெமஸ்’ என்றால், மூடுபவர் தம் செயலை முன்னிறுத்திச் சொல்வதாகிவிடும்.

உம்மையும் எண்ணும்

‘மீனையும் சாப்பிட்டேன்’ என்பதில் ‘ஐ’ மீது ‘உம்’ ஏறுகிறது. ஜப்பானியத்தில் ‘உம்’ எனப் பொருள்படும் ‘மொ’ வந்தால் ‘ஒ’ விலகிவிடும்: ‘ஸகன மொ தபெமஷித’. தலைப்பைக் காட்டும் ‘வ’ வந்தாலும் அவ்வாறே. ‘ஸகன வ தபெமஸென்’ என்றால், மீனை மட்டும் சாப்பிடுவதில்லை என்ற சாயலோடு, மீன் சாப்பிடுவதில்லை என்று பொருள். இரண்டு உருபுகளையும் அடுக்கும் வடிவம் பழைய நடையில் உண்டு. இன்றைய பேச்சில் அதைக் கையாளத் தேவையில்லை.

பல பொருள்களை அடுக்கும்போது தமிழில் ஒவ்வொன்றுக்கும் உருபு வேண்டும்: ரொட்டியையும் முட்டையையும் வாங்கினேன். ஜப்பானியத்தில் இடையே ‘தொ’ போட்டு, கடைசியில் மட்டும் ஒருமுறை ‘ஒ’ இட வேண்டும்: ‘பன் தொ தமகொ ஒ கைமஷித’. எண்ணும் இடம் மாறும். ‘இரண்டு ஆப்பிள் வாங்கினேன்’ என்று நாம் எண்ணை முன்னால் சொல்ல, அவர்கள் இயல்பாக ‘ரிங்கொ ஒ ஃபுதத்ஸு கைமஷித’ என்று உருபுக்கும் வினைக்கும் இடையில் எண்ணை வைக்கின்றனர். அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த உருபும் வராது.

ஒரு வினைக்கு ஒரே ‘ஒ’

‘செய்’ எனப் பொருள்படும் ‘ஸுரு’வோடு பெயர்கள் சேர்ந்து வினையாகும். ‘பென்கியோ’ என்றால் படிப்பு. ‘பென்கியோ ஷிமஸ்’ அல்லது ‘பென்கியோ ஒ ஷிமஸ்’ என்றால் படிக்கிறேன். எதைப் படிக்கிறேன் என்று சேர்க்க விரும்பினால் ‘நிஹொங்கொ ஒ பென்கியோ ஷிமஸ்’ எனலாம். அல்லது ‘நிஹொங்கொ னொ பென்கியோ ஒ ஷிமஸ்’ என்று, ‘உடைய’ எனப் பொருள்படும் ‘னொ’வால் இணைக்கலாம். இரண்டு இடத்திலும் ‘ஒ’ போட்டு ‘நிஹொங்கொ ஒ பென்கியோ ஒ ஷிமஸ்’ என்றால் பிழை. ஒரே வினைக்கு இரண்டு ‘ஒ’ வருவதை ஜப்பானிய இலக்கணம் ஏற்பதில்லை. அறையைச் சுத்தம் செய்வதும் அப்படியே: ‘ஹெய ஒ ஸோஜி ஷிமஸ்’, ‘ஹெய னொ ஸோஜி ஒ ஷிமஸ்’. வினை இரண்டானால் தடையில்லை; ‘ஹொன் ஒ யொந்தெ, தெகமி ஒ ககிமஷித’ (புத்தகத்தைப் படித்துவிட்டுக் கடிதத்தை எழுதினேன்) என்பதில் எச்சத்துக்கு ஒன்று, முற்றுக்கு ஒன்று என இரண்டு ‘ஒ’ முறையாக நிற்கின்றன.

பயிற்சி செய்யும் முறை

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5இல், உருபு விடுபட்ட வாக்கியத்தைக் கொடுத்து நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வர். துண்டுகளைக் கலைத்துக் கொடுத்து, குறியிட்ட இடத்தில் எது வரும் என்றும் கேட்பர். இரண்டாவது வகைக்கு ‘ஒ’ நல்ல பிடிமானம். அதை அதற்குரிய பெயரின் பின்னால் முதலில் பொருத்தி, பிறகு வினையைக் கடைசிக்குக் கொண்டுபோனால், எஞ்சிய துண்டுகள் தமிழ் வரிசையில் தாமே அமைந்துவிடும். முதல் வகையில் விரைந்து ‘ஒ’வைத் தேர்ந்தெடுக்கும் முன் வினையைப் பார்க்க வேண்டும், பெயரைப் பார்த்து முடிவு செய்பவரே ‘தென்ஷ ஒ நொரிமஸ்’ என்று எழுதிவிடுவார். ரயிலில் ஏறுவது ‘தென்ஷ நி நொரிமஸ்’, ரயிலை விட்டு இறங்குவது ‘தென்ஷ ஒ ஒரிமஸ்’. ஒரே ரயில்தான், உருபை முடிவு செய்வது வினை.

வீட்டில் பயில, நாள்தோறும் செய்யும் வேலைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: எழுந்து முகத்தைக் கழுவியது, காபி குடித்தது, வீட்டை விட்டுக் கிளம்பியது, பேருந்தில் ஏறியது, நண்பரைச் சந்தித்தது, அம்மாவுக்கு உதவியது, விளக்கை அணைத்தது. தமிழில் எழுதும்போது எங்கே ‘ஐ’ வெளிப்படையாக வருகிறது, எங்கே மறைந்திருக்கிறது, எங்கே ‘கு’வும் ‘இல்’லும் வருகின்றன என்று முதலில் குறித்துக்கொண்டு, பிறகு ஜப்பானியத்தில் எழுதி, அகராதியில் அந்த வினையின் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள். ஜப்பானிய அகராதிகள் ஒவ்வொரு வினைக்கும் அது ‘ததோஷி’யா (செயப்படுபொருள் குன்றா வினை) ‘ஜிதோஷி’யா (குன்றிய வினை) என்று குறித்துத் தருகின்றன. ‘தெரு’, ‘அருகு’, ‘வதரு’ ஆகியவை ‘ஒ’ ஏற்றாலும் குன்றிய வினைகள் என்றே குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அவற்றில் வரும் ‘ஒ’, நீங்கும் இடத்தையும் கடக்கும் வழியையும் காட்டும் உருபாகவே அங்கே கணக்கிடப்படுகிறது.